அப்பா முத்திரை குத்திய ஃபண்ட்

என் அன்பு அப்பாவுக்கு,

உங்கள் மூத்த பெண் செல்வி எழுதுகிறேன். போய்ச் சேர்ந்தவருக்குக் கடிதம் எழுதும்போது நலமா என்று கேட்க முடியாது. நாங்கள் நலம் என்று சொல்லவும் மனம் வரவில்லை. அதனால் உங்களுக்குப் பிடித்த மாதிரி நேராக விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் மேல் எனக்கு அன்பு உண்டு, அதை நீங்கள் இருக்கும்போதே சொல்லிவிட்டேன். கோபமும் உண்டு. அதைச் சொல்வதற்குள் நீங்கள் கிளம்பிவிட்டீர்கள்.

முதலில் வீட்டுச் செய்தி. அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. செவ்வாய்தோறும் மாங்காட்டு அம்மன் கோயிலுக்குப் போகிறாள், ஆட்டோக்காரரோடு வாடகைக்குச் சண்டை போடுகிறாள், திரும்பி வந்து என் நெற்றியில் குங்குமம் வைக்கிறாள். நீங்கள் போன பிறகு அவள் செய்த ஒரே புரட்சி, காலையில் பல் தேய்ப்பதற்கு முன்பே நீங்கள் போட்டுவிடும் அந்தப் பங்குச்சந்தைச் சேனலை எடுக்கச் சொன்னதுதான். “அது ஃப்ரீ சேனல்மா, இருந்துட்டுப் போகட்டுமே” என்றார் கேபிள்காரர். “இத்தனை வருஷம் இருந்தது போதும், எடுத்துடுப்பா” என்று சொல்லிவிட்டாள்.

உங்கள் படம் ஒன்று இப்போது பல பேருடைய போனில் இருக்கிறது. ஆவடியில் குவார்ட்டர்ஸ் கேட்டுக்கு எதிரே டீக்கடையில் சனிக்கிழமை கூடுவீர்களே, அந்தக் கூட்டம் வாட்ஸ்அப்பில் ஒரு குழு வைத்திருக்கிறது. பெயர் ‘மும்மடங்கு நண்பர்கள்’. முகப்புப் படம் நீங்கள். ரிடையர் ஆன அன்று கழுத்தில் மாலையோடு எடுத்த படம். மாலையைப் பார்த்ததும் எல்லாருக்கும் அது அஞ்சலிப் படம் என்று நினைப்பு. “உயிரோட இருக்கும்போது போட்ட மாலைடி அது” என்று அம்மா அழுதாள். படத்தை மாற்றச் சொல்லிக் கேட்க ஏழுமலை மாமாவுக்குப் போன் செய்தேன், அவர்தான் அட்மின். “அண்ணாத்தே மூஞ்சியப் பாத்தாதான் கண்ணு எங்களுக்குத் தெகிரியம் வர்து” என்றார். படம் அப்படியேதான் இருக்கிறது.

இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்த மனிதர்கள், தெரிந்த இடங்கள். ஆனால் நம் மனிதர்கள் யாரையும் அறியாத சிலரும் இந்தக் கடிதத்தைப் படிக்கப்போகிறார்கள். அவர்களுக்காகக் கொஞ்சம் விவரம் சொல்லிவிடுகிறேன். குறுக்கே பேசாமல் கேளுங்கள், அது உங்களுக்குக் கஷ்டம்தான் என்றாலும்.

ஆவடியில் ராணுவ வண்டி செய்யும் தொழிற்சாலையில் நீங்கள் ஆய்வாளராக இருந்தீர்கள். வண்டிக்குள் எண்ணெய் ஓடும் குழாய்களைச் சோதிப்பது உங்கள் வேலை. ஒரு குழாய் தினப்படி தாங்கவேண்டிய அழுத்தத்தைப்போல ஒன்றரை மடங்கு கொடுத்து, கொஞ்ச நேரம் அப்படியே பிடித்து வைத்துப் பார்ப்பீர்கள். எங்கும் ஒழுகாவிட்டால் உங்கள் பெயருக்கென்று கொடுத்திருந்த இரும்பு முத்திரையை அதன் மேல் வைத்து, சுத்தியலால் ஒரு தட்டு. குழாய் பாஸ். அதன் பிறகு அதைப்பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசக்கூடாது, நீங்களே கூட.

அந்தக் குழாய்களைப் பொருத்தியவர் ஏழுமலை மாமா. நீங்கள் திண்டுக்கல் பக்கத்திலிருந்து வேலை கிடைத்து வந்தவர், அவர் பக்கத்திலேயே நூம்பலில் பிறந்து வளர்ந்தவர். அவர் குடும்பத்துக்கு அங்கே நிலம் இருந்தது. பணிக்காலம் முழுக்க அவர் கை பொருத்தியதை உங்கள் கண் பார்த்து, உங்கள் முத்திரை விழுந்த பிறகுதான் அது வெளியே போயிற்று. நீங்கள் பாஸ் என்று சொன்ன எதையும் அவர் இரண்டாவது முறை தொட்டுப் பார்த்ததில்லை. அந்த நம்பிக்கையை எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். அப்போது அதில் எனக்குப் பெருமைதான்.

உங்கள் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். சொல்லாமல் விட்டால் எழுந்து வந்து என்னோடு வாதம் செய்தாலும் செய்வீர்கள்.

ரிடையர் ஆன புதிதில் அம்பத்தூரில் ஒரு முதலீட்டு அலுவலகத்துக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனீர்கள். ஏதோ சிக்கலான ஃபண்ட் ஒன்றைப்பற்றிப் பேப்பரில் படித்திருந்தீர்கள், அதைக் கேட்டீர்கள். டை கட்டியிருந்த பையன் உங்கள் வயதைக் கேட்டான், என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்டான். பிறகு சிரித்துக்கொண்டே, “சார், இதெல்லாம் பெரிய பார்ட்டிங்களுக்கு. உங்களுக்கு ஃபிக்சட் டெபாசிட்தான் சேஃப்” என்று சொல்லி ஒரு காலண்டரைச் சுருட்டிக் கையில் கொடுத்து அனுப்பினான். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் வெடித்தீர்கள்.

“நான் பாஸ் போட்ட குழாய நம்பி நாலு பசங்க வண்டிக்குள்ள உக்காந்து போறாங்க. நாட்டுக்கு என் கையெழுத்து போதும். என் சொந்தப் பணத்துக்கு மட்டும் என் கையெழுத்து போதாதாம்! பணக்காரன் போட்டுத் தோத்தா அதுக்குப் பேரு ரிஸ்க். நான் போட்டுத் தோத்தா அதுக்குப் பேரு அறியாமை. அப்படித்தான?”

அம்மா அந்தக் காலண்டரைச் சமையலறையில் மாட்டி ஒரு வருடம் பால் கணக்கு எழுதினாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் உங்கள் முகம் சுண்டும்.

அந்தப் பையன் கொஞ்சம் மரியாதையாகப் பேசியிருந்தால் நீங்கள் அந்த மும்மடங்கு ஃபண்டுக்குப் போயிருப்பீர்களா? தெரியாது. டை கட்டியவர்கள் யாரும் குறுக்கே நிற்காத வழி உங்கள் போனிலேயே இருந்தது. ஒரு ஆப். அதில் ஒரு வெளிநாட்டு ஃபண்ட். சந்தை இன்றைக்கு நூற்றுக்கு ஒன்று ஏறினால் இது மூன்று ஏறும். சந்தை ஒன்று இறங்கினால் இது மூன்று இறங்கும். அதை எனக்கு விளக்கிச் சொல்லும்போது புது ஸ்பானர் வாங்கினவர் மாதிரி உங்கள் கண் மின்னியது.

வேறு யாராக இருந்தாலும் ஆசையில் போய் மாட்டியிருப்பார்கள். நீங்கள் முறைப்படி சோதித்துவிட்டுப் போய் மாட்டினீர்கள். முதலில் கொஞ்சம் பணம் மட்டும் போட்டீர்கள். “நல்லா விழட்டும், அப்பதான் இதோட லட்சணம் தெரியும்” என்று சொல்லிவிட்டுக் காத்திருந்தீர்கள். ஊரடங்கு வந்தது, சந்தை தலைகுப்புற விழுந்தது. உங்கள் ஃபண்ட் இருந்த இடம் தெரியாமல் போனது. உலகமே அழுதுகொண்டிருந்தபோது நீங்கள் ஒருவர்தான் கையைக் கட்டிக்கொண்டு நின்று வேடிக்கை பார்த்தீர்கள். பிறகு சந்தை எழுந்தது. ஃபண்ட் எழுந்து, பழைய விலையையும் தாண்டிப் போனது.

அன்றைக்கு அடுப்படிக்கு வந்து சொன்னீர்களே, ஞாபகம் இருக்கிறதா? “ஒன்றரை மடங்கு என்னம்மா, மூணு மடங்கு அழுத்தம் குடுத்துப் பாத்தாச்சு. ஒழுகல. பாஸ்.” அடுத்த வாரம் ரிடையர்மென்ட் பணம் எல்லாம் அதற்குள் போய்விட்டது. சனிக்கிழமை டீக்கடையிலும் அதையே சொன்னீர்கள். அங்கே இருந்தவர்கள் எல்லாரும் உங்கள் முத்திரையைப் பார்த்தே வேலை செய்து பழகியவர்கள். ஒருத்தர் கூட ஒரு கேள்வி கேட்கவில்லை.

நான் கேட்டேன். மண்ணூர்பேட்டையில் பிரேக் சாமான் செய்யும் கம்பெனியில் கொள்முதல் பிரிவில் உட்கார்ந்து, விலைப்பட்டியலோடு மல்லுக்கட்டுகிற எனக்கு, கூட்டல் கழித்தல் வரும். ஒரு சனிக்கிழமை உங்களைக் கூப்பிட டீக்கடைக்கு வந்தபோது அங்கேயே நின்று சொன்னேன். “அப்பா, சந்தை நூறுல இருந்து ஒரே நாள்ல தொண்ணூறு ஆயிடுதுன்னு வைங்க. மறுநாள் திரும்பவும் நூறு. சந்தையில சும்மா போட்டவனுக்கு நஷ்டமே இல்ல. உங்க ஃபண்ட் நூறுல இருந்து எழுபது ஆகும். மறுநாள் அந்த எழுபதுல இருந்துதான் ஏறணும். தொண்ணூத்தி மூணுலயே நின்னுடும். சந்தை வீட்டுக்கு வந்துடுச்சு, உங்க பணம் பாதி வழியில நிக்குது.”

நீங்கள் டம்ளரை உருட்டிக்கொண்டே, “சந்தை ஏறிகிட்டே இருந்தா?” என்று கேட்டீர்கள். அப்போது சந்தை ஏறிக்கொண்டேதான் இருந்தது. எல்லாரும் சிரித்தார்கள், வாதத்தில் நீங்கள் ஜெயித்தீர்கள்.

நான் சொல்ல வந்தது வேறு, அப்பா. நீங்கள் சோதித்த குழாய் மறுநாளும் அதே குழாய். அதே இரும்பு, அதே மூட்டு. அதனால்தான் ஒரு முறை சோதித்தால் போதும். இந்த ஃபண்ட் அப்படியில்லை. அன்றன்றைக்குச் சந்தை மூடியதும் கணக்கை முடித்துக்கொண்டு மறுநாள் புதிதாகத் தொடங்குகிறது. தினமும் காலையில் அது ஒரு புதுக் குழாய், யாரும் சோதிக்காத குழாய். நீங்கள் பாஸ் போட்டது அன்றைக்கே காணாமல் போய்விட்டது.

பிறகு ஒரு நாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டீர்கள். பூந்தமல்லி ஆஸ்பத்திரியில் மூளையில் ரத்தக்கசிவு என்றார்கள். அந்த வாரமே முடிந்துவிட்டது. வாரிசாக என் பெயரைத்தான் போட்டிருந்தீர்கள். “எனக்கு ஏத்தமும் வேணாம், எறக்கமும் வேணாம். எடுத்துடு” என்றாள் அம்மா. எடுத்துவிட்டேன். ஆஸ்பத்திரிக்குக் கட்டியது போக மீதி, அந்த டை கட்டின பையன் சொன்ன ஃபிக்சட் டெபாசிட்டில் இருக்கிறது. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

நான் விற்றது அந்த ஃபண்டின் உச்சத்தில் என்பது பிறகுதான் தெரிந்தது. உங்களுக்கு நஷ்டமே வரவில்லை. நஷ்டம் வரும்வரை நீங்கள் இருக்கவில்லை, அவ்வளவுதான். ஆனால் டீக்கடையில் உங்கள் கதை எப்படி முடிகிறது தெரியுமா? “தங்கராஜ் சாரு கடைசி வரைக்கும் தோக்கலப்பா.” இதைக் கேட்டபோது வந்த கோபம்தான் இன்னும் ஆறவில்லை.

உங்கள் பதினாறாம் நாள் காரியத்தன்று ஏழுமலை மாமா சாப்பிட்ட இலையை மூடிவிட்டு என்னிடம் வந்து, “அண்ணாத்தே காட்ன வயிலதான் கண்ணு இனிமே நானும்” என்றார். ஏதோ சாமி சமாச்சாரம் என்று நினைத்து நான் தலையாட்டினேன். அவர் சொன்னது நிலம் விற்ற பணத்தை.

அவருடைய அண்ணன் தம்பிகள் சேர்ந்து நூம்பல் நிலத்தை விற்றது உங்களுக்குத் தெரியும். அடுக்குமாடிக்காரர்கள் வரத் தொடங்கிய காலம், அன்றைய விலைக்கு அது பெரிய பணம். மாமா தன் பங்கை பாங்கில் போட்டார். பாங்கு வட்டி நடந்து போனது, நிலத்தின் விலை ஓடிப் போனது. பழைய வீட்டை இடித்துப் பிரித்துக்கொண்டதில் அவருக்குக் கிடைத்த, வீடு கட்டப் போதாத மூலையையும் அண்ணன் மகனுக்கே விட்டுக்கொடுக்க வேண்டி வந்தது. இப்போது அதே நூம்பலில், மாடியில் ஒரு போர்ஷனில் அவரும் அத்தையும் வாடகைக்கு இருக்கிறார்கள். நிலம் விற்ற பணம் முழுவதையும், ஒரு ரூபாய் மிச்சம் வைக்காமல், நீங்கள் பாஸ் போட்ட ஃபண்டில் போட்டுவிட்டார்.

அதற்குப் பிறகு சந்தை ஒரேயடியாக விழவே இல்லை. அதுதான் கொடுமை. விழுந்திருந்தால் பயந்து எடுத்திருப்பார்கள். ஏறுகிறது, இறங்குகிறது, மறுபடி ஏறுகிறது. கடைசியில் பார்த்தால் சந்தை கிட்டத்தட்ட கிளம்பின இடத்திலேயே நிற்கிறது. மாமாவின் பணத்தில் மட்டும் பாதி இல்லை. எந்த நாளில் போனது என்று கேட்டால் ஒரு நாளைக் காட்ட முடியாது. குழுவில் தினமும் காலை வணக்கம் போடுகிறார்கள், பூப்படம் போடுகிறார்கள், நடுவில் யாராவது ஒருவர் “பொறுமை” என்று எழுதுகிறார்.

நான் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தேன். மீதியையாவது எடுங்கள் மாமா என்று கெஞ்சினேன். “ஒங்கப்பன் பாஸ் போட்டத நான் பெயில் போட முடியுமா கண்ணு?” என்பார். அதோடு பேச்சு முடிந்துவிடும். செத்துப்போனவரோடு நான் எப்படிப் போட்டி போடுவது, நீங்களே சொல்லுங்கள்.

இந்த நேரத்தில்தான் ஆப்பில் ஒரு புது விதி வந்தது. சின்ன முதலீட்டாளர்களை இந்த மாதிரி ஃபண்டுகளில் விடலாமா கூடாதா என்று அரசாங்க மேலிடத்தில் ஒரே பேச்சு. அதற்கு முந்திக்கொண்டு ஆப்காரர்களே ஒரு பரீட்சை வைத்துவிட்டார்கள். மாதக் கடைசிக்குள் சில கேள்விகளுக்குச் சரியாகப் பதில் சொன்னால் வைத்துக்கொள்ளலாம். சொல்லாவிட்டால் அவர்களே விற்று, பணத்தை பாங்குக் கணக்கில் போட்டுவிடுவார்கள். கேள்விகள் முழுக்க இங்கிலீஷ்.

குழுவில் ஒரே கூச்சல். எங்க துட்டு, எங்க இஷ்டம், நீ யாரு பரீட்சை வைக்க என்று. நீங்கள் செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்ன அந்த ரிஸ்க்கும் அறியாமையும் அங்கே எல்லார் வாயிலும் இருக்கிறது. மேலிடத்துக்கு ஒரு மனு எழுதித் தரும்படி என்னைக் கேட்டார்கள். “தங்கராஜ் சார் பொண்ணு எழுதுனா ஒரு வெயிட்டு” என்றார்கள். பார்க்கலாம் என்று சொல்லிவைத்தேன்.

உள்ளுக்குள் எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? ஏழுமலை மாமாவுக்கு இங்கிலீஷ் வராது. பரீட்சையில் நிச்சயம் தோற்பார். தோற்றால் மீதிப் பாதி தானாகப் பாங்குக்கு வந்துவிடும். நான் சொல்லிக் கேட்காதது ஒரு ஆப் சொல்லி நடக்கப்போகிறது. அந்த வாரம் அம்மாவோடு நானும் கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்தேன். யார் பெயருக்கு என்று ஐயர் கேட்டதற்கு மாமாவின் பெயரைச் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவரே போன் செய்தார். “ஊட்லதான் கீறியா? ஒரு எட்டு வந்துட்டுப் போ கண்ணு. அந்தப் பரீட்சைய எழுதணும்.”

ஸ்கூட்டரில் போனேன். அத்தை இட்லி வைத்துவிட்டு மொட்டைமாடிக்குத் துணி எடுக்கப் போனாள், மாமா போனை என் கையில் வைத்தார். “எனுக்கு இங்கிலீசு தெரியாது. நீயே தட்டிடு. நீ படிச்ச பொண்ணு, ரைட்டா தட்டுவ.”

அப்பா, அந்த நிமிடம் நீங்கள் என் இடத்தில் இருந்திருக்க வேண்டும். நான் தப்பாகத் தட்டினால் போதும். அவருக்கு ஒன்றும் தெரியப்போவதில்லை. கேள்வி கஷ்டம் மாமா, பெயிலாகிவிட்டது என்று சொல்லிவிட்டு இட்லி தின்றுவிட்டு வந்திருக்கலாம். மீதிப் பணமாவது தப்பித்திருக்கும். எதிரே இருந்தவர் கண்ணில் துளி சந்தேகம் இல்லை. அவருக்குத் தெரியாமல் அவருக்காக முடிவெடுத்தால் எனக்கும் அந்த அம்பத்தூர்ப் பையனுக்கும் என்ன வித்தியாசம்? அவனாவது முகத்துக்கு நேரே சொன்னான்.

அதனால் ஒரு வழி கண்டுபிடித்தேன். “நான் கேள்வியத் தமிழ்ல படிக்கிறேன் மாமா. பதில் நீங்க சொல்லுங்க, நீங்க சொல்றதத் தட்டுறேன்” என்றேன். அவராகவே தோற்றுவிடுவார், பாவம் என் தலையில் ஏறாது என்று கணக்குப் போட்டேன். உங்கள் பெண்தானே.

“இந்த ஃபண்டுல போட்ட பணம் மொத்தமும் போறதுக்கு வாய்ப்பு இருக்கா?”

“கீது. தட்டு.”

“ரொம்ப நாளைக்கு வெச்சிருக்கறதுக்கு இது ஏத்ததா?”

“இல்ல.”

மூன்றாவது கேள்வி, நீங்கள் கடைசிவரை ஒத்துக்கொள்ளாத கேள்வி. “சந்தை விழுந்து, மறுபடி பழைய இடத்துக்கே வந்துட்டா, ஃபண்டும் பழைய விலைக்கு வந்துடுமா?”

மாமா சிரித்தார். “வராது. தொண்ணூத்தி மூணுதான் வரும். அன்னிக்கு டீக்கடைல நீ சொல்லிகினு இருந்தப்போ நான் பக்கத்துலதான டீ குடிச்சிகினு இருந்தேன்? ஒங்கப்பன் கேக்கல. நான் கேட்டுகினுதான் இருந்தேன்.”

இந்தப் பணம் போனால் சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் கஷ்டம் வருமா என்று ஒரு கேள்வி. வராது, பென்ஷன் வருகிறது என்றார். அதுவும் உண்மைதான். ஒவ்வொன்றாக எல்லாவற்றையும் சரியாகச் சொன்னார். போன் திரையில் பச்சை நிறத்தில் ஒரு டிக் வந்து, கலர் காகிதமாகப் பறந்தது. வாழ்த்துகள், நீங்கள் தகுதி பெற்றீர்கள் என்று இங்கிலீஷில் எழுதியிருந்தது. என்ன போட்டிருக்கிறது என்று கேட்டார், சொன்னேன்.

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. “எல்லாம் தெரிஞ்சுகிட்டேதான் வெச்சிருக்கீங்களா? அப்பா பாஸ் போட்டாரு, அப்பா பாஸ் போட்டாருன்னு என்கிட்டச் சொன்னதெல்லாம்?”

“அது சொம்மா கண்ணு. நாலு பேரு கேட்டா சொல்றதுக்கு ஒரு பேரு வாணாமா?” என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் கையைக் காட்டினார். வெளியே வரிசையாக அடுக்குமாடிகள், பால்கனியெல்லாம் துணி காய்ந்துகொண்டிருந்தது. “பொறந்த ஊர்ல வாடகைக்குக் கீறேன். மீதிய எடுத்து பேங்க்ல போடு, பத்திரமா கீதுன்ற. மெய்தான், நான் சாவற வரைக்கும் பத்திரமா கீது. அந்தத் துட்டுக்கு இந்த ஊர்ல ஒரு கக்கூஸ் கட்ற எடங்கூட வராது. ஒரு கிரவுண்டு நெலம் வாங்கணும்னா மூணு மடங்கு ஆவணும். மூணு மடங்கு ஆவறதுன்னு இத்தத் தவிர இன்னா கீது? நீ சொல்லு. நீ சொல்ற எடத்துக்கு இப்பவே மாத்திடறேன்.”

போனை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தேன், அப்பா. இட்லி ஆறிப்போனதுதான் மிச்சம்.

கீழே ஸ்கூட்டரை எடுக்கும்போது அத்தை மாடிப்படியில் அவசரமாக இறங்கி வந்தாள். மூச்சு வாங்கியது. மேலே கேட்காதபடி மெதுவாக, “இன்னா கண்ணு, பெயிலா?” என்று கேட்டாள். அந்தக் கேள்வியில் எவ்வளவு ஆசை இருந்தது என்று உங்களுக்கு எப்படிச் சொல்வேன்! “பாஸ் அத்தை” என்றேன். அவள் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். வேலப்பன்சாவடி சிக்னலில் ஹெல்மெட்டுக்குள்ளேயே அழுதேன்.

இவ்வளவு நாளும் நான் உங்கள்மேல் பழி போட்டுக்கொண்டிருந்தேன். உங்கள் முத்திரையைப் பார்த்து ஏமாந்தார் என்று நினைத்தேன். அவர் ஏமாறவே இல்லை. உங்களை விட, என்னை விட அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. எங்களைத் தடுக்க வேண்டும் என்கிறவர்கள், தெரியாததால்தான் போய் மாட்டுகிறோம் என்று நினைக்கிறார்கள். தடுக்கக்கூடாது என்கிறவர்கள், நாலு வழியில் ஒன்றை நாங்கள் தேர்ந்தெடுக்கிறோம் என்று நினைக்கிறார்கள். நூம்பல் மாடியில் அன்றைக்கு நான் பார்த்த மனிதருக்கு இரண்டுமே பொருந்தவில்லை. இதை எந்த மேலிடத்துக்கு எழுதுவது? எழுதினால் அவர்கள் என்ன செய்துவிடுவார்கள்?

அந்த மனுவை நான் எழுதவில்லை. அதற்கு எதிராகவும் எழுதவில்லை. இரண்டு இரவு வெறும் தாளை வைத்துக்கொண்டிருந்துவிட்டு, கடைசியில் உங்களுக்குத்தான் எழுதுகிறேன்.

நேற்றும் ஃபண்ட் இறங்கியது. குழுவில் மாமா ஒரு ரோஜாப்பூ போட்டிருந்தார். இன்றைக்கு மண்ணூர்பேட்டை ஆபீசில் விலைப்பட்டியல் பார்த்துக்கொண்டிருந்தபோது நடுவில் திடீரென்று ஒரு கேள்வி வந்தது. நீங்கள் இருந்திருந்தால் இந்நேரம் விற்றிருப்பீர்களா? உங்களுக்கு மாங்காட்டில் சொந்த ஃபிளாட் இருந்தது. ஆசைக்காகத்தான் நீங்கள் போட்டீர்கள், விற்க முடிந்திருக்கும். மாமாவால் முடியாது. அவர் விற்றால் விற்பது ஃபண்டை இல்லை, அந்த ஒரு கிரவுண்டை.

இது ஏறும் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. அவர் மனம் மாறும் என்ற நம்பிக்கையும் போய்விட்டது. கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து ஒரு நாள் ஒன்றுமில்லை என்று ஆகும். அன்றைக்கு நாலு பேர் அவரைக் கேட்பார்கள், அத்தை முதல் ஆளாகக் கேட்பாள். தெரிந்தே போட்டேன் என்று அவரால் அத்தையிடம் சொல்ல முடியாது. சொல்வதற்கு அவருக்கு ஒரு பெயர் வேண்டும்.

உங்கள் பெயரைத்தான் சொல்வார், அப்பா. தங்கராஜ் கெடுத்தான் என்பார். வாயில் வந்ததெல்லாம் சொல்லித் திட்டுவார், நம் வீட்டு வாசலிலேயே வந்து நின்று கூடத் திட்டலாம். அப்பா அப்படிப்பட்டவர் இல்லை, உங்களுக்கு எல்லாம் தெரியும், நானே கேள்வி கேட்டுத் தட்டினேனே என்று அத்தை முன்னால் நான் வாயைத் திறக்க மாட்டேன். அம்மாவையும் பேசவிட மாட்டேன். அவருக்கு நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்து, அவர் உங்களைத் திட்டி முடிக்கும் வரை பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். இது சத்தியம்.

உங்களுக்காகப் பரிந்து பேசாமல் இருக்கப்போகிற
உங்கள் மூத்த மகள்,
செல்வி